ஆகஸ்ட் மூன்றாம் வெள்ளி

ஏனோகா பாஹுகோவாவைப் பிடிவாதக்காரன் என்று சொன்னால் அது அவனுக்குப் போதாது. என் புருஷனுக்குப் பெரியப்பா மகன். ஐம்பது வருஷம் அவனோடு வாய்ச்சண்டை போட்டவள் நான், சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் நாங்கள் சண்டையை நிறுத்தவில்லை. எனக்கும் வேறு ஆள் கிடையாது, அவனுக்கும் கிடையாது.

ஒவ்வொரு ஜனவரியிலும் எங்கள் ஊர் நானாகுலியில் மளிகைக் கடையில் சும்மா கொடுக்கிற காலண்டரை வாங்கி வருவான். ஆணியில் மாட்டுவதற்கு முன்னால் மேஜையில் விரித்து வைத்து, ஆகஸ்டுக்குத் திருப்பி, மூன்றாம் வெள்ளிக்கிழமையைத் தேடுவான். அந்தக் கட்டத்தில் தேதிக்குக் கீழே 'மாநில தினம்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். வெள்ளைக் காகிதத்தை நகத்தளவு வெட்டி அந்த எழுத்தின் மேல் ஒட்டுவான். பசையெல்லாம் வாங்க மாட்டான். "ஹாரு, நாலு பருக்கை சோறு குடு" என்று வேலிக்கு மேல் கையை நீட்டுவான். நானும் தலையில் அடித்துக்கொண்டு கொடுப்பேன். ஒட்டி முடித்தால் அங்கே தேதி மட்டும் இருக்கும், பக்கத்துக் கட்டங்களைப் போல.

அந்த நாளை வைத்துத்தான் எங்களுக்குள் பாதிச் சண்டை. ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலம் ஆனபோது அவனுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதிமூன்று. என் அப்பா ஜப்பானிலிருந்து கரும்பு வெட்ட வந்தவரின் மகன், அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்ந்து இத்தாலியில் காலில் குண்டு வாங்கியவர். அன்றைக்கு அவர் தெருவில் பட்டாசு கொளுத்திக் குதித்தார். அதுவரை எங்களை ஆள்வதற்கு வாஷிங்டனிலிருந்து ஆள் அனுப்புவார்கள், இனிமேல் நம்மை ஆள்பவனை நாமே தேர்ந்தெடுப்போம் என்று அவருக்கு அத்தனை சந்தோஷம். அதே நாளில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஏனோகாவின் அப்பா, ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். சர்ச் மணி நிற்கவே இல்லை, அம்மா அழுதுகொண்டே மீன் அலசினாள் என்று ஏனோகா சொல்வான்.

"ஓட்டுச் சீட்டுல ஆமான்னா மாநிலம், இல்லன்னா பழையபடி அவனுக்குக் கீழ. எங்க ராணிகிட்ட பிடுங்கின நாட்டத் திருப்பித் தரட்டுமான்னு ஒரு கேள்வி இருந்துச்சா ஹாரு?" என்று கேட்பான். எங்கப்பன் சந்தோஷப்பட்டதற்கு என்னிடம் ஏன் எகிறுகிறாய் என்று நானும் விடமாட்டேன்.

இப்போது அந்த நாளை யாரும் கொண்டாடுவதில்லை. ஊர்வலம் கிடையாது, விருந்து கிடையாது. கடை, ஹோட்டல், கட்டட வேலை எல்லாம் நடக்கும். அரசாங்க ஆபீஸ் மட்டும் சத்தம் போடாமல் கதவைப் பூட்டிக்கொள்ளும். ஏனோகா புல்டோசர் ஓட்டியவன். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த வெள்ளிக்கிழமை ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு அன்றைக்கு மட்டும் விடியற்காலையிலேயே துடைப்பத்தை எடுத்து எங்கள் சந்து முழுக்கப் பெருக்குவான். தான் லீவு எடுக்கவில்லை என்று நாலு பேர் பார்க்க வேண்டும் அவனுக்கு.

இந்தத் தீவில் பாதி மேட்டைச் சமன் செய்தவன் அவன். ஹோட்டலுக்கும் கோல்ப் மைதானத்துக்கும் பணக்காரர்கள் வீட்டுக்கும் மண்ணைத் தள்ளிக் கொடுத்தான். தனக்கென்று ஒரு கைப்பிடி மண் இல்லை. பாதி ரத்தமாவது ஹவாய்ப் பூர்வகுடியாக இருந்தால் அரசாங்கம் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு ஒரு மனை கொடுக்கும். அதற்கு முப்பத்தைந்து வயதில் மனு போட்டான். போட்ட பிறகு தன் ரத்தத்தை நிரூபிக்க ஏழு வருஷம் ஆயிற்று. பாட்டியின் ஞானஸ்நானச் சீட்டுக்காக மோலோகாய்த் தீவுக்கு மூன்று தடவை படகேறினான். நிரூபித்த பிறகு காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தான். பெண்சாதி ரொசாரியோ பிலிப்பைன்ஸ்காரி, நல்ல மனுஷி, காத்திருக்கும்போதே செத்தாள். ரெண்டு தடவை வாடகை ஏறி வீடு போயிற்று. கடற்கரையில் கூடாரம் போட்டு மகள் நோஹேயாவோடு நாலு வருஷம் கிடந்தான். போலீஸ் வந்து கூடாரத்தைக் கலைத்தபோது ரொசாரியோவின் தையல் மிஷினைக் குப்பை லாரியில் ஏற்றியதை நோஹேயா இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். பிறகுதான் என் பக்கத்து வீட்டின் பின்கட்டு அறை அவர்களுக்குக் கிடைத்தது.

அந்த வீட்டையும் போன ஜூனில் விற்றுவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டான் வாங்கியவன். என் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். என் வீட்டில் ரெண்டு அறையில் ஒன்பது பேர், நான் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறேன்.

ஜூலையில் கடிதம் வந்தது. நாற்பத்திரண்டு வருஷம் கழித்து. வைமானலோவில் ஒரு மனை, மேலே சின்ன வீடும் உண்டு, ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று. நோஹேயா அதை வாசித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள், அழக்கூட இல்லை. ஏனோகா மட்டும் கடிதத்தை வாங்கி மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டான். அப்போதே அவனுக்குச் சிறுநீரகம் ரெண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் மிஷினில் ரத்தம் கழுவிக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் ரெண்டாம் வாரம், இனி மிஷின் இவர் உடம்புக்குத் தாங்காது என்று டாக்டர் நிறுத்திவிட்டார். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்றார்.

இதில் ஒரு சங்கதி உண்டு, அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கையெழுத்துப் போட்டுக் குத்தகை கையில் வந்த பிறகு ஏனோகா செத்தால், மனை மகளுக்குப் போகும். அதற்குக் கால் ரத்தம் போதும். கையெழுத்துக்கு முன்னால் செத்தால் அவன் வெறும் மனுதாரன், அந்த இடத்துக்கு வாரிசாக வரப் பாதி ரத்தம் வேண்டும். நோஹேயாவின் ரத்தம் காலுக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான். அவன் பேனா பிடித்தால் அவளுக்கு வீடு, பிடிக்காவிட்டால் மறுபடி கடற்கரையில் கூடாரம். நாற்பத்தொரு வயதில், காலை நாலு மணிக்கு எழுந்து வைகிகி ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடிக்கப் போகிறவளுக்கு.

நோஹேயா நில ஆபீசுக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள். லோபாகா என்று ஓர் ஆபீசர், நல்ல பையன், முப்பத்தெட்டு வயது இருக்கும். மண்டபம் வேண்டாம், தானே பத்திரத்தையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவதாகச் சொன்னான். அங்கிளுக்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும், என்ன பத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும், கையெழுத்து முடியாவிட்டால் ரெண்டு சாட்சி வைத்துப் பெருவிரல் ரேகை போதும் என்றும் சொன்னான்.

வியாழக்கிழமை காலை நான்தான் ஏனோகாவுக்குத் துணை. நோஹேயா வேலைக்குப் போயிருந்தாள். பத்து மணிக்கு அவனுக்கு உளறல் ஆரம்பித்துவிட்டது. என்னை ரொசாரியோ என்று கூப்பிட்டான். புல்டோசர் சாவியைக் கேட்டான். லோபாகா வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால், புத்தி தெளிவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவானே. அந்த வாரம் முழுக்க விடிந்து ரெண்டு மூன்று மணி நேரம் அவன் தெளிவாகத்தான் இருந்தான், நேரம் ஏற ஏறத்தான் குழம்பினான். காலண்டரைப் பார்த்தேன். வியாழன் பதினைந்து, வெள்ளி பதினாறு. வெள்ளிக் கட்டம் வெறும் கட்டம். போனை எடுத்தேன். லோபாகா இடத்தில் இல்லை, செய்தி பதிகிற மிஷின் எடுத்தது. "இன்னைக்கு வேண்டாம் தம்பி, வெள்ளிக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு வாங்க, அப்பதான் அவரு தெளிவா இருப்பாரு" என்று சொல்லி வைத்தேன்.

நான். என் வாயால். அந்தக் காகிதத்துக்குச் சோறு கொடுத்த அதே நான். ஓய்வு பெற்றவளுக்கு எந்த நாளும் ஞாயிறுதான், ஆகஸ்டில் எது எத்தனையாவது வெள்ளி என்று யார் எண்ணிக்கொண்டிருந்தது? துடைப்பம் எடுத்துச் சந்து பெருக்கி ஞாபகப்படுத்த வேண்டியவன் கட்டிலில் கிடந்தான். நோஹேயா மத்தியானம் வந்து விஷயத்தைக் கேட்டாள். யோசித்துப் பார்த்து, நல்லதுதான் ஆன்ட்டி என்றாள். அவள் ஹோட்டலுக்கு அந்த வெள்ளி வேலை நாள், லீவு சொல்லி வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏனோகா நாங்கள் வேண்டிக்கொண்டதைவிடத் தெளிவாக எழுந்தான். சேப்பங்கிழங்குக் கூழ் ரெண்டு ஸ்பூன் உள்ளே போயிற்று. நோஹேயா முகம் மழித்து, நீலச் சட்டை போட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தாள். நான் அறையைக் கூட்டித் துடைத்தேன். ஒன்பது ஆயிற்று. ஒன்பதே கால். அரை. நானாகுலி ரோட்டில் கார் நெரிசலாக இருக்கும் என்றேன். பத்து மணிக்கு நோஹேயா ஆபீசுக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள். ஒரு பெண் குரல் பதிவில் பேசியது. மாநில தினத்தை முன்னிட்டு அலுவலகம் இன்று மூடப்பட்டுள்ளது, திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்குத் திறக்கும் என்றது.

நோஹேயா சுவருக்குப் போய் நகத்தால் காலண்டரைச் சுரண்டினாள். காகிதம் உரிந்து கீழே எழுத்து தெரிந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

கட்டிலிலிருந்து ஏனோகா என்னவென்று கேட்டான். மறைக்க முடியுமா? சொன்னோம். அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"சனியன். அறுபது வருஷமா நான் அத ஒதுக்கினேன், அது என்னய ஒதுக்கல பாரு" என்றான். பிறகு மகள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "திங்கக்கிழமை வரைக்கும் தாங்குவேன் கண்ணு" என்று அவளிடம் சொன்னான். அவன் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

சும்மா உட்கார என்னால் முடியவில்லை. லோபாகாவின் அம்மாவை எனக்கு சர்ச்சில் தெரியும். அவளுக்குப் போன் போட்டேன். மகன் விடிந்ததும் கொடியை எடுத்துக்கொண்டு ஹோனலுலுவுக்குப் போய்விட்டான், மாநில தினத்தை எதிர்த்து ராணியின் பழைய அரண்மனை வாசலில் நிற்பான், வருஷா வருஷம் போவான், போனை எடுக்க மாட்டான் என்றாள். காரை எடுத்தேன். எழுபத்து மூன்று வயதில் அப்படி ஒரு வேகத்தில் நான் ஓட்டியதில்லை, இனியும் ஓட்டமாட்டேன்.

அரண்மனை வாசலில் நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். நாடு ஆபத்தில் இருக்கிறது என்று காட்டக் கொடியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். எங்கள் ராணியை அந்த வீட்டுக்குள்ளேயே காவலில் வைத்தவர்களின் வாரிசுகள் தரும் மாநிலம் எங்களுக்கு வேண்டாம் என்று மைக்கில் ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். கறுப்புச் சட்டையில் லோபாகா முன்வரிசையில் நின்றான். போய்த் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"நீ என்ன பண்ணிக்கிட்டிருக்க இங்க? ஏனோகா சட்ட போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றேன்.

அவன் முகம் வெளிறிவிட்டது. மிஷினில் என் செய்தியைக் கேட்டிருக்கிறான். இன்றைக்குத்தான் லீவு ஆயிற்றே, அடுத்த வெள்ளியைத்தான் சொல்கிறார்கள், அதுவரை தாங்குவார் போலிருக்கிறது என்று எண்ணி இருபத்து மூன்றாம் தேதிக்குக் குறித்து வைத்துவிட்டான். பாவம், அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கொடியைப் பக்கத்திலிருந்தவன் கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்தான். என் காரை அங்கேயே விட்டுவிட்டு அவன் ட்ரக்கில் ஏறினேன். பத்திரம் கபோலே ஆபீசில் இருந்தது, நல்லவேளை, வழியில்தான். லீவு நாளில் முத்திரை செல்லுமா என்று கேட்டேன். முத்திரைக்கு லீவு கிடையாது ஆன்ட்டி என்றான்.

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. "அந்த நாள வேண்டாம்ங்கற, அது குடுக்கிற லீவு மட்டும் வேணுமா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"லீவு விடலன்னா நான் எப்ப வந்து திட்டறது ஆன்ட்டி?" என்றான். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, அந்த நிலைமையிலும். அப்புறம் அவன் தன் அப்பாவும் மனைக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தபடியே செத்தவர்தான் என்று சொன்னான். அதனால்தான் இந்த வேலைக்கு வந்தானாம், பதினோரு வருஷத்தில் தன் கையால் இருநூறு பேருக்கு மேல் பட்டியலிலிருந்து அடித்திருக்கிறானாம், சாவுச் சான்றிதழைப் பார்த்து.

ஆபீசில் காவல்காரன் அரை மணி நேரம் அவன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், மேலதிகாரிக்குப் போன் போட்டான், கடைசியில் விட்டான். லோபாகா நீலக் கோப்பும் முத்திரைப் பெட்டியுமாக ஓடி வந்தபோது மணி ஒன்றே முக்கால். கபோலேயைத் தாண்டினால் எங்கள் பக்கம் போக ஒரே ஒரு ரோடு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். அன்றைக்கு எவனோ ஒரு லாரிக்காரன் வண்டியைக் கவிழ்த்திருந்தான். நத்தை வேகத்தில்கூட நகரவில்லை. நான் கதவைத் திறந்து இறங்கி நடக்கப் பார்த்தேன், ஒன்பது மைல். லோபாகா கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தான். ரெண்டரை மணிக்கு நோஹேயா போன் போட்டாள். எங்கே இருக்கிறீர்கள் என்றாள். சொன்னேன். அப்பா முழிச்சிட்டுத்தான் இருக்கார், சீக்கிரம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் போட்டபோது அவள் எடுக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால். கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் திறந்து, எங்களை உள்ளே இழுத்து, மறுபடி தாழ்ப்பாள் போட்டாள் நோஹேயா. ஏனோகா நீலச் சட்டையோடு உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தான். தலை மட்டும் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஐயோ, அந்த நிமிஷம் எனக்கு அவனைப் பார்க்கத் தோன்றவில்லை, லோபாகா கையில் இருந்த கோப்பைத்தான் பார்த்தேன்.

"இருபது நிமிஷம் ஆச்சு. இன்னும் சூடாத்தான் இருக்கார், தொட்டுப் பாருங்க" என்றாள் நோஹேயா. வந்து பார்த்துப் போகிற நர்ஸுக்குச் சொல்லவில்லை, அக்கம்பக்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. "ரேகை போதும்னு நீங்கதான சொன்னீங்க. ஆன்ட்டி ஒரு சாட்சி. வேலிக்கு அந்தப் பக்கம் ஆன்ட்டியோட மருமக இருக்கா, கூப்பிட்டா வந்து போடுவா. இருபது நிமிஷம்தான லோபாகா."

லோபாகாவின் பெட்டியை அவளே பிரித்து மைத் திண்டை எடுத்தாள். அப்பாவின் வலது கையைத் தூக்கி, பெருவிரலை மையில் அழுத்தினாள். நான் கோப்பைப் பிரித்துக் கட்டில்மேல் வைத்தேன். ஆமாம், நான்தான் வைத்தேன். ரேகை வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தான் லோபாகா. விரலுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

"நோஹேயா, நான் கண்ண மூடிக்கிறேன். நீ வெச்சா நான் முத்திர குத்திருவேன், யாருக்கும் தெரியாது" என்றான் லோபாகா. "ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லியாகணும். இந்த மனைக்கு அடுத்த பேரு யாருன்னு எனக்குத் தெரியும்."

அவள் அப்பா கையை அப்படியே பிடித்திருந்தாள்.

"வெளியில சொல்லக் கூடாது. ஒரு அம்மா, எண்பத்தி நாலு வயசு. மூக்குல ஆக்சிஜன் குழாய். மகளும் அந்த அம்மாவும் ஒரு வேன்லதான் தூங்கறாங்க. உங்கப்பா மனு போட்டு நாலு நாள் கழிச்சுப் போட்டவங்க."

ஏன்டா இதை இப்போது சொல்கிறாய் என்று அவனை அறைந்துவிடலாம் போல இருந்தது எனக்கு. நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், நானாக இருந்தால் விரலை வைத்திருப்பேன். அந்தக் கிழவியை நான் பார்த்தேனா? நான் பார்த்தது நோஹேயாவை. கூடாரத்து மணலில் பள்ளிக்கூடச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு போன நோஹேயாவை.

வெளியே யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள், நாய் ஒன்று குரைத்தது. பிறகு அவள் அப்பாவின் கையை மடியில் வைத்து, மழிப்பதற்காகக் கொண்டுவந்த ஈரத் துணியை எடுத்து அவர் விரலைத் துடைக்க ஆரம்பித்தாள். மை லேசில் போகவில்லை. நகக்கண்ணுக்குள் எல்லாம் துடைத்தாள்.

"பைத்தியமாடி உனக்கு?" என்று கத்தினேன். "நாப்பத்திரெண்டு வருஷம்டி. உங்கப்பன் நாப்பத்திரெண்டு வருஷம்."

"நீங்க பேசாதீங்க ஆன்ட்டி" என்றாள். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

லோபாகா கோப்பை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அவனைப் பார்த்து, "அந்த அம்மாவுக்கு இன்னைக்கே சொல்லிடுங்க. திங்கக்கிழமைன்னு தள்ளாதீங்க" என்றாள். இன்று ஆபீஸ் இல்லையே, பத்திரத்தில் பெயர் மாற்ற வேண்டுமே என்று அவன் இழுத்தான். "எப்படியாவது மாத்துங்க. கதவத் திறக்க வெச்சீங்கல்ல, மறுபடி திறக்கச் சொல்லுங்க" என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் அப்பாவின் நெற்றியைத் தொட்டுவிட்டு, வெளியே போனான். ட்ரக் கிளம்பிச் சந்து முனையைத் தாண்டுவது வரை சத்தம் கேட்டது.

அப்புறம்தான் நோஹேயா நர்ஸுக்குப் போன் போட்டாள். நான் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஏனோகாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை மணிக்குப் போனார் என்று அந்த நர்ஸ் கேட்டிருக்கிறாள்.

"ரெண்டு அம்பத்தஞ்சு" என்றாள் நோஹேயா. சரியாகக் கேட்கவில்லை போல, அந்தப் பக்கம் மறுபடி கேட்டார்கள்.

"ரெண்டு அம்பத்தஞ்சுக்கு" என்றாள், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. "இன்னைக்கு. வெள்ளிக்கிழமை. எழுதிக்குங்க."